கொலராடோ ஆற்றில் படகும் ஒளிப்படக் கருவியும்

அமெரிக்காவின் மேற்கில் கொலராடோ ஆறும் அதன் துணையாறான கிரீன் ஆறும் அறுத்துச் சென்ற ஆழ்பள்ளத்தாக்குகளை உலகம் கண்டறிந்ததில் படகேறிச் சென்று படமெடுத்தவர்களின் பங்கு பெரிது. ஆயினும் தொடக்ககாலப் படங்கள், படகைக் கரையில் கட்டிவிட்டு எடுக்கப்பட்டவையே.

ஆய்வாளர் ஜான் வெஸ்லி பவல் 1869-இல் இந்த ஆறுகளின் வழியே மேற்கொண்ட முதற்பயணத்தில் ஒளிப்படக்காரர் எவரும் இல்லை. 1871 மே மாதம் வயோமிங்கிலிருந்து மூன்று படகுகளில் புறப்பட்ட இரண்டாம் பயணத்தில் இ. ஓ. பீமன் அப்பணிக்கெனச் சேர்க்கப்பட்டார். அன்று வழக்கிலிருந்த ஈரத்தகட்டு முறையில், கண்ணாடித் தகட்டின்மீது கொலோடியன் என்னும் பசைநீர்மத்தைப் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்த்து, ஈரம் உலர்வதற்குள் படமெடுத்து, அவ்விடத்திலேயே கழுவியும் முடிக்க வேண்டியிருந்தது. ஆகவே இருட்டுக் கூடாரம், மருந்துக் குப்பிகள், தகடுகள் அனைத்தையும் படகிலிருந்து இறக்கிப் பாறைகளின்மேல் சுமந்து ஏற்றிய பிறகே ஒரு படம் கிடைத்தது. தகட்டில் ஒளிபட வேண்டிய நேரம் நீண்டதால், பாறையின் விரிசல்கள்கூடத் துலக்கமாகத் தெரிய, பாய்ந்தோடிய நீரோ பனிமூட்டம்போல் பதிந்தது. பீமன் விலகி, அவருக்குப்பின் வந்த ஜேம்ஸ் ஃபெனிமோர் நோயுற்றபோது, படகு வலிக்கச் சேர்ந்திருந்த ஜாக் ஹில்லர்ஸ் அருகிருந்து கற்ற தொழிலைத் தாமே ஏற்று, பின்னர் அதில் பெரும்புகழ் பெற்றார்.

ஆற்றை ஒட்டி இருப்புப்பாதை அமைக்க வழி தேடிய பொறியாளர் ராபர்ட் பிரூஸ்டர் ஸ்டான்டனின் குழுவிலும் இதுவே நேர்ந்தது. 1890 புத்தாண்டு நாளில் ஒளிப்படக்காரர் ஃபிராங்க்ளின் நிம்ஸ் பாறையிலிருந்து விழுந்து கால் முறிந்ததால், அத்தொழிலில் பழக்கமில்லாத ஸ்டான்டனே கருவியைக் கையிலெடுத்தார். அழகை நாடாமல், பாதையின் போக்கைக் காட்டுவதற்காகவே வரிசையாக எடுக்கப்பட்ட அப்படங்கள்தாம் அறிவியலுக்கு மிகுதியும் பயன்பட்டன எனலாம்: இருப்புப்பாதை அமையவேயில்லை, ஆனால் நூறாண்டு கழித்து ராபர்ட் வெப் முதலிய ஆய்வாளர்கள் அதே இடங்களில் நின்று மீண்டும் படமெடுத்து, செடிகொடிகளும் மணல்திட்டுகளும் அடைந்த மாற்றங்களை அவற்றோடு ஒப்பிட்டனர்.

ஒளிப்படக்காரர்களான கோல்ப் சகோதரர்கள் 1911-12-இல் திரைப்படக் கருவியோடு இவ்வழி வந்தனர். கயாக், அதாவது ஆர்க்டிக் மக்களிடமிருந்து வந்த, மேற்புறம் மூடிய, இருமுனைத் துடுப்பால் செலுத்தும் ஒடுங்கிய படகு, இக்கதையில் நுழைவது 1938-இல்தான். பிரான்சைச் சேர்ந்த பெர்னார் த கொல்மோன், அவர் மனைவி ஜெனவியெவ், நண்பர் அந்துவான் த செய்ன் ஆகிய மூவரும் மடக்குக் கயாக்குகளில் வயோமிங்கிலிருந்து லீஸ் ஃபெர்ரி என்னும் துறை வரை வந்து வண்ணத் திரைப்படமும் எடுத்தனர். பவலின் படகுகளில் துடுப்பும் கருவியும் வெவ்வேறு கைகளில் இருக்க முடிந்தது. ஒருவர் மட்டுமே அமரும் கயாக்கிலோ துடுப்புக்கே இரு கைகளும் வேண்டும், கருவியை எடுத்தால் படகு நீரோட்டத்தின் வசமாகிவிடும். இந்த இடர்ப்பாட்டிற்கு ஈடாகக் கிடைத்தது, நீர்மட்டத்திற்குச் சற்றே மேலிருந்து செங்குத்துச் சுவர்களை அண்ணாந்து நோக்கும் பார்வை. கரையில் நின்ற பீமனுக்கு அது வாய்க்கவில்லை.

அம்மூவரும் கடந்துவந்த கிளென் பள்ளத்தாக்கின் பெரும்பகுதி, 1963-இல் அங்கு கட்டப்பட்ட அணையின் மதகுகள் மூடப்பட்டபின் பவல் ஏரி என்னும் நீர்த்தேக்கத்தில் மூழ்கியது. பீமன் படமெடுத்த ஃபிளேமிங் கோர்ஜ் என்னும் பள்ளத்தாக்கும் ஏறக்குறைய அதே காலத்தில் மற்றோர் அணையின் நீருக்குள் சென்றது.