கமராவின் முன்னால் பெயரின்றி நின்றவர்கள்

19ஆம் நூற்றாண்டில் இராமநாதபுரக் கரையில் தோணியேறி மன்னாரில் இறங்கிய தோட்டத் தொழிலாளர்கள், அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர்களுக்குக் கல்லறை கிடையாது. அப்படி வந்து சேர்ந்த சமூகத்தின் சில முகங்கள் இன்று மேலைநாட்டு அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

அவற்றை எடுத்தவர் ஜூலியா மார்கரட் கமரன். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். கணவர் சார்ள்ஸ் ஹே கமரன், நாம் பாடசாலையில் படித்த 1833ஆம் ஆண்டு கோல்புறூக் – கமரன் சீர்திருத்தத்தின் அதே கமரன்தான். முழுத்தீவையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்த சீர்திருத்தம் அது. அதன் பின்விளைவை இந்த வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இங்கிலாந்தில் வைற் தீவின் ஃபிரெஷ்வோட்டர் கிராமத்தில் கமரன் குடும்பம் வாழ்ந்தது. பக்கத்து வீட்டில் கவிஞர் டெனிசன். ஓவியர்கள், நடிகர்கள், விஞ்ஞானிகள் என்று வந்துபோவோர் ஏராளம். அக்காலக் கனவான்களின் ஒழுங்குகளை அதிகம் பொருட்படுத்தாத கூட்டம் அது. 1863 டிசம்பரில் மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசளித்தபோது ஜூலியாவுக்கு வயது 48. கோழிக்கூடு படப்பிடிப்புக் கூடமானது, நிலக்கரி அறை இருட்டறையானது. ஈரமான கண்ணாடித் தகட்டில் படம் பதியும்வரை எதிரே இருப்பவர் நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்கவேண்டும். டெனிசன், கார்லைல், டார்வின் எல்லோரும் அப்படி இருந்தார்கள். துல்லியமில்லை என்று அன்றைய படக்காரர்கள் குறைசொன்ன அந்த மங்கலைத்தான் இன்று உலகம் கலை என்கிறது. மாதா வேடமிட்டு நின்ற வேலைக்காரப் பெண் மேரி ஹிலியரின் பெயர்கூட நமக்குத் தெரியும்.

1875இல் குடும்பம் இலங்கைக்கு வந்தது. கோப்பித் தோட்டங்களை நோய் அழித்துக்கொண்டிருந்த காலம். இங்கு எடுத்த படங்களில் முப்பதுக்கும் குறைவானவையே எஞ்சியுள்ளன. தோட்டத்துத் தமிழர்கள் அவற்றில் நிற்கிறார்கள், பெயரில்லாமல். களுத்துறையில் 1878இல் எடுத்த ஒரு படத்தின் குறிப்பில் சிறுமிக்கு 12 வயது என்றும், அவளது தந்தை எனச் சொன்ன முதியவர் தனக்கு நூறு வயது என்றார் என்றும் இருக்கிறது. வயதைக் கேட்டவர் பெயரைக் குறிக்கவில்லை. 1877இல் அங்கு தங்கிய ஓவியர் மரியான் நோர்த் வேறொன்று எழுதியுள்ளார்: ஒரு தொழிலாளியின் முதுகின் அழகில் மயங்கி, அவரைத் தன் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி ஜூலியா மகனிடம் அடம்பிடித்தாராம். வீட்டிலோ தோட்டமே இல்லை. அழகைப் பார்க்கத் தெரிந்த கண்தான், சந்தேகமில்லை.

மன்னாருக்கு இன்னொரு நூலும் வருகிறது. ஜூலியாவின் பெறாமகளுடைய மகள் எழுத்தாளர் வேர்ஜினியா வூல்ஃப். ஃபிரெஷ்வோட்டர் கூட்டத்தைக் கேலிசெய்து அவர் எழுதிய நாடகம் 1935இல் லண்டனில் நண்பர்கள் மத்தியில் அரங்கேறியது. அதில் சார்ள்ஸ் கமரனாக நடித்தவர் கணவர் லெனார்ட் வூல்ஃப். இவர்தான் 1906இல் மன்னாரின் மறிச்சுக்கட்டியில், முத்துக்குளிப்பைக் கண்காணித்த அரசாங்க அதிகாரிகளில் ஒருவராக இருந்தவர்.

இன்று அதே மன்னாரில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் வீதியோரம் ஏந்தி நிற்கும் படங்கள் பெரும்பாலும் அடையாள அட்டைப் படங்கள், மங்கலானவை. ஆனால் கீழே பெயரும் திகதியும் பெரிய எழுத்தில் இருக்கின்றன.

ஜூலியா 1879இல் திக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் இறந்தார். பொகவந்தலாவை புனித மரியாள் ஆலய வளவில், தேயிலைக்கு நடுவே, கணவருடன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். கல்லில் இருவர் பெயரும் உண்டு.