உருளைக்கிழங்கும் ரெட் ஒயினும்: டாக்டர்கள் தலைகீழாகப் போட்ட கணக்கு

பிரெஞ்சுக்காரங்க வீட்டுச் சாப்பாட்டுல ஒரு பழைய ஜோடி உண்டு. தட்டுல உருளைக்கிழங்கு, பக்கத்துல ஒரு கிளாஸ் ரெட் ஒயின். விருந்துச் சாப்பாடு இல்லீங்க, சாதாரண விவசாயி வீட்டுச் சாப்பாடு. இந்த ரெண்டுல ஒண்ணைப் பார்த்து "நோய் வரும், தொடாதே"ன்னும், இன்னொண்ணைப் பார்த்து "உடம்புக்கு நல்லது, குடி"ன்னும் சொன்னதுல மருத்துவ உலகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. எதை எப்படிச் சொன்னாங்கங்கறதுதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுமையா வாங்க.

முதல்ல தட்டுல என்ன இருக்குன்னு பார்த்துடலாம்.

தெற்கு பிரான்ஸ்ல ஓப்ராக்னு ஒரு மேட்டுநிலம். அங்கே 'அலிகோ' பிரபலம். மசித்த உருளைக்கிழங்கில் வெண்ணெய், க்ரீம், பூண்டு, இன்னும் பதப்படாத இளம் சீஸ் எல்லாம் போட்டு, கரண்டியைத் தூக்கினா ஒரு முழத்துக்கு நூலா இழுபடும் வரை கிண்டுவாங்க. கூடவே பக்கத்து மார்சியாக் பகுதியின் ரெட் ஒயின். அடுத்தது 'ஆஷி பார்மான்தியே'. முந்தின நாள் மிஞ்சின இறைச்சியைக் கொத்தி, மேல மசித்த கிழங்கைப் பரப்பி ஓவன்ல வைப்பாங்க. மிச்சத்தை வீணாக்காத சமையல். தென்மேற்குல 'ஷாப்ரோ'ன்னு ஒரு பழக்கம். கிழங்கும் காய்கறியும் போட்ட சூப்பைக் குடிச்சு முடிக்கும்போது அடியில கொஞ்சம் மிச்சம் வைத்து, அதுலயே ரெட் ஒயினை ஊத்தி, ஒரு சுழற்று சுழற்றி, தட்டைத் தூக்கி வாயில வைத்துக் குடிச்சுடுவாங்க!

ஏன் இந்த ஜோடி பொருந்துது? ரெட் ஒயின்ல டானின்னு ஒரு துவர்ப்புப் பொருள் இருக்கு. நெல்லிக்காய் கடிச்சா வாய் இழுக்குமே, அதே வேலை. நம்ம உமிழ்நீர்ல உள்ள புரதத்தோட ஒட்டிக்கிட்டு வாயைக் காய வைக்கும். தட்டுல சீஸ், பால் இருந்தா டானின் அந்தப் பால் புரதத்தோட ஒட்டிக்கும், துவர்ப்பு அடங்கிடும். உப்பு கசப்பைக் குறைக்கும். உருளைக்கிழங்குக்குன்னு தனி வாடை அதிகம் கிடையாது. அதனால குறுக்கே நிற்காம எல்லாத்தையும் தாங்கிக்கிடும். வெறும் அவிச்ச கிழங்கோட கனமான ஒயின் எடுபடாது, துவர்ப்புதான் மிஞ்சும்.

சரி, இப்போ வரலாறு.

தென் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு உருளைக்கிழங்கு வந்தது 16ஆம் நூற்றாண்டில். உடனே யாரும் கொண்டாடலை. பாசெல் நகர மருத்துவரும் தாவரவியலாளருமான காஸ்பார் போவான், தொழுநோய் வரும் என்று நம்பி பர்கண்டியில் இந்தக் கிழங்கை விலக்கி வைத்திருந்ததாக 1620ல் எழுதியிருக்கார். ஏன் தொழுநோய்? அந்தக் கால வைத்தியத்தில் ஒரு பொருளின் தோற்றமே அதன் குணத்தைச் சொல்லும்னு ஒரு நம்பிக்கை. முண்டும் முடிச்சுமான கிழங்கைப் பார்த்து, தொழுநோயில் உருமாறிய கை விரல்களை நினைத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் ஆதாரம்!

அப்புறம் 1765. தீதரோவின் புகழ்பெற்ற கலைக்களஞ்சியத்தில் உருளைக்கிழங்கு பற்றி எழுதியவர் வெனெல் என்ற மோன்பெலியே மருத்துவர். அது வாயு உண்டாக்கும்னு ஒத்துக்கிட்டு, ஆனா உடல் உரமான குடியானவனுக்கும் கூலியாளுக்கும் வாயு ஒரு பொருட்டான்னு தள்ளிவிட்டார். ஏழை வயிறுன்னா எதையும் தாங்கும்ங்கற அந்த டாக்டர் தொனி இன்னிக்கும் சில வார்டுகளில் கேட்குது, அதை விடுங்க.

இந்தக் கதையை மாத்தினவர் டாக்டர் இல்லை, ஒரு ஃபார்மசிஸ்ட். ஆன்த்வான் ஓகுஸ்தான் பார்மான்தியே. ஏழாண்டுப் போரில் ராணுவ மருந்தாளராகப் போய், பிரஷ்யர்களிடம் சிறைப்பட்டார். சிறையில் போட்டது உருளைக்கிழங்கு. பிரான்ஸில் பன்றிக்குப் போடும் தீனின்னு நினைச்சதைத் தின்னு உயிரோட, தெம்பா திரும்பி வந்தார். 1770 வாக்கில் தானிய விளைச்சல் பொய்த்தது. பஞ்சத்தில் எதைச் சாப்பிடலாம்னு பெசான்சோன் அகாடமி ஒரு கட்டுரைப் போட்டி வைத்தது. பரிசு இவருக்கு. 1770களின் தொடக்கத்தில் பாரிஸ் மருத்துவப் பீடமும் ஒருவழியா "சாப்பிடலாம், ஆபத்து இல்லை"ன்னு சொல்லிடுச்சு. 1780களில் பாரிஸுக்கு வெளியே சாப்லோன் மணல்வெளியில் 16ஆம் லூயி தந்த நிலத்தில் பயிரிட்டு, பகலில் காவல் போட்டு இரவில் காவலை எடுத்துவிட்டாராம், ஜனங்க திருடிட்டுப் போய் நடட்டும்னு. இது கொஞ்சம் மெருகேறின கதையா இருக்கலாம், ஆனா நல்ல கதை.

பலருக்குத் தெரியாத ஒண்ணு. இதே பார்மான்தியே 1801ல் வெளியான திராட்சைச் சாகுபடி, ஒயின் தயாரிப்பு பற்றிய பெரிய நூலின் ஆசிரியர்களில் ஒருவர். ஷாப்தால் அதில் முக்கியமானவர். ஜோடியின் ரெண்டு பக்கமும் ஒரே ஆள் கை வைத்திருக்கார்!

ஒயின் பக்கம் கதை நேர் எதிர். 1866ல் பாஸ்டர் ஒயின் பற்றிய நூலில், பானங்களிலேயே அதுதான் ஆரோக்கியமானது, சுகாதாரமானது என்று எழுதினார். காலராத் தண்ணீர் குடித்துச் செத்துக்கொண்டிருந்த காலம் அது, அந்த நியாயம் எனக்குப் புரியுது. ஆனா அது அப்படியே கொள்கையாயிடுச்சு. சாராயம் கெட்டது, ஒயினும் பீரும் 'சுகாதார பானங்கள்'. 1900ல் அதற்கு வரியையே குறைச்சாங்க. முதல் உலகப் போரில் சிப்பாய்க்கு ரேஷனா தினமும் ஒயின், கால் லிட்டரில் ஆரம்பித்து அரை லிட்டர் ஆச்சு. 1930களில் 'ஒயினின் நண்பர்களான மருத்துவர்கள்'னு சங்கமே வைத்தார்கள். பள்ளி உணவுக்கூடத்தில் 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு ஒயின் கூடாதுன்னு சொன்னது எப்போ தெரியுமா? 1956ல்!

இந்த ரெண்டையும் ஒரே நேரத்தில் சோதித்துப் பார்த்தது ஒரு போர். 1940ல் ஜெர்மானியர் பிரான்ஸைப் பிடிச்சாங்க. உருளைக்கிழங்கு தட்டுப்பாடு, ஒயினுக்கும் ரேஷன். கிழங்கு இல்லாம நகரத்து ஜனங்க மாட்டுத்தீவனமான ரூட்டபாகாவைத் தின்னாங்க. பசி, எடை இழப்பு. அந்தத் தலைமுறையில் பலர் பிறகு வாழ்நாள் முழுக்க அதைத் தொடவே இல்லை. ஒயின் குறைஞ்சதுல என்ன ஆச்சு? பாரிஸில் கல்லீரல் சிரோசிஸ் சாவு சில வருடங்களில் பல மடங்கு இறங்கிடுச்சு. போர் முடிஞ்சு ஒயின் திரும்ப வந்ததும் அந்தக் கோடு மறுபடி ஏறிச்சு. ஆளை வைத்து யாரும் செய்யத் துணியாத பரிசோதனை, தானா நடந்தது.

இதெல்லாம் தெரிஞ்ச பிறகும் 1991ல் ஒரு அமெரிக்க டிவி நிகழ்ச்சி, அடுத்த வருஷம் லான்செட்டில் ரெனோவின் கட்டுரை, 'ஃபிரெஞ்சு முரண்'னு உலகமே பேசிச்சு. வெண்ணெய் தின்னும் இதயநோய் குறைவு, காரணம் ஒயின்னு. பிற்பாடுதான் ஓட்டை தெரிஞ்சது. அளவாக் குடிப்பவரோட ஒப்பிட்ட 'குடிக்காதவர்' கூட்டத்தில், ஏற்கெனவே நோய் வந்து குடியை விட்டவங்களும் கலந்திருந்தாங்க. 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு, பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாதுன்னு சொல்லிட்டாங்க.

கமெண்ட்ல "டாக்டர், சுகர் இருக்கு, உருளை சாப்பிடலாமா?"ன்னு வரும், தெரியும். நடுத்தரக் கிழங்கு ஒண்ணு, சோத்துக்குப் பதிலா, சோத்தோட இல்லாம, வறுக்காம. இன்சுலினோ, கிளிமெபிரைடு மாதிரி மாத்திரையோ எடுக்கறவங்க ஒயின் கிளாஸைத்தான் யோசிக்கணும். கல்லீரல் மதுவைக் கவனிச்சுக்கிட்டு இருக்கும்போது சர்க்கரையை விடாது, லோ சுகர் நடுராத்திரி தூக்கத்துல வரும். குடிச்சுட்டுத் தூங்கறார்னு நினைச்சு வீட்டுல எழுப்பவும் மாட்டாங்க.