மார்கழி விடியக்காலை வாக்கிங்... நுரையீரலுக்கு நல்லதா?

"மார்கழி விடியக்காலைல ஓசோன் கீழே இறங்கி வரும், அதை சுவாசிச்சா உடம்புக்கு நல்லது." உங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்புக்கும் வந்திருக்குமே! ஓசோன் படலம் இருப்பது சுமார் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில். நம்ம வீட்டுக் கோலத்தைப் பார்க்க அது இறங்கி வராது. தரைக்குப் பக்கத்தில் உருவாகும் ஓசோனோ நுரையீரலை எரிச்சல்படுத்தும் மாசு. அதுவும் வெயிலில்தான் உருவாகும்.

நிஜத்தில் நடக்கிறது வேற. பகலில் தரை சூடாகி, காற்று மேலே எழும்பி, வண்டிப் புகையையும் தூசியையும் கலைத்துவிடும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் வானம் தெளிவா இருந்தா தரை சீக்கிரம் குளிர்ந்துடும். அதை ஒட்டின காற்றும் குளிர்ந்து, கனமாகி, கீழேயே தங்கிடும். அதுக்கு மேல வெதுவெதுப்பான காற்று, பானைக்கு மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துக்கும். ராத்திரி விட்ட புகை எங்கேயும் போக முடியாது. ஸ்ரீரங்கம் வேற காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் தீவு. ஆற்றங்கரை ஈரத்தை உறிஞ்சி மாசுத் துகள்கள் பருத்துட்டா, தெருவில் தெரிவது பனியா புகையான்னே சொல்ல முடியாது. இந்த மூடிக்குக் கீழேதான் போகி அன்னிக்கு டயரையும் கொளுத்துறாங்க!

அதே சத்திரம் பஸ் ஸ்டாண்ட், அதே டிராஃபிக்தான். ஆனா ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியா வரும் மேற்குக் காற்று புகையை நிக்க விடாது. பதிலுக்குக் கண்ணில் மண்ணை அள்ளிப் போடும். அந்த மண் பெரும்பாலும் மூக்கு, தொண்டையோட நின்னுடும். புகையில் இருக்கும் பி.எம் 2.5 துகள்தான் நுரையீரலின் ஆழம் வரைக்கும் போகும். ஐப்பசி, கார்த்திகை மழை இதையெல்லாம் ஓரளவு கழுவிவிடும்.

அதனால மார்கழியில் ஜாகிங்கை வெயில் ஏறின பிறகு, எட்டரை மணிக்கு மேல வச்சுக்கோங்க. மெயின் ரோடு வேண்டாம். ஆஸ்துமா இருக்கிற பாட்டி, வைகுண்ட ஏகாதசிக்கு விடியுமுன்னே பரமபதவாசல் சேவிச்சே ஆகணும்னு நிப்பாங்க. தடுக்காதீங்க, என்95 மாஸ்க் மாட்டிக் கூட்டிட்டுப் போங்க. துணி மாஸ்க் இந்தத் துகளுக்குப் போதாது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' ஆப்பில் காற்றுத் தரத்தைப் பார்க்கலாம். 100 வரைக்கும் 'திருப்தி'ன்னு காட்டும். ஒரு சின்ன விஷயம்... அந்த 100 என்பது ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் பி.எம் 2.5. உலக சுகாதார நிறுவனம் 24 மணி நேரத்துக்குச் சொல்லும் அளவோ வெறும் 15. ஆப் இளம்பச்சை காட்டினாலும் பாட்டியோட இன்ஹேலர் பையில் இருக்கட்டும்.