குடும்பத் தலைவர் யார்? மாறிவிட்ட வீடுகளும் மாறாத பத்திரங்களும்

என் அம்மம்மாவுக்குக் குடும்பம் என்றால் ஒரே வளவில் இருந்த நான்கு வீடுகள். அம்மாவுக்கு அது சீதனமாகக் கிடைத்த வீடும் அதில் வளர்ந்த நாங்களும். யுத்தத்திற்குப் பின்னர் நான் பார்க்கும் வீடுகளில் ஒரு தாயும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளை வளர்க்கும் முதியவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் மட்டும் பேசும் தகப்பன்மார் இருக்கிறார்கள். வீடுகள் மாறிவிட்டன. காணிப் பத்திரங்கள் அதே வேகத்தில் மாறவில்லை.

வடக்கின் தேசவழமை, ஒல்லாந்தர் காலத்தில் 1707இல் தொகுக்கப்பட்டது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை அது பிரித்தது. சீதனம் பெண்ணுக்கே உரியது. ஆனால் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண் தனது காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும். காணாமல் ஆக்கப்பட்ட கணவனிடம் ஒப்புதலை எங்கே வாங்குவது? மாவட்ட நீதிமன்றத்தை நாடி அனுமதி பெறும் வழி அதே சட்டத்தில் இருக்கிறது. ஆனால் பிள்ளையின் படிப்புச் செலவுக்குக் காணியை ஈடு வைக்க நினைக்கும் தாய்க்கு வழக்குச் செலவே இன்னொரு கடன்.

வன்னியின் குடியேற்றத் திட்டக் காணிகளின் கதை வேறு. பெரும்பாலானவை 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப் பத்திரத்தில் வழங்கப்பட்டவை. பின்னுரித்தாளரை நியமிக்காமல் ஒருவர் இறந்தால், பிள்ளைகளின் வரிசையில் மகள்மாருக்கு முன்னர் மகன்மாரே வந்தனர். 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இந்த ஆண், பெண் வேறுபாட்டை நீக்கியது. ஆனாலும் அனுமதிப் பத்திரம் வைத்திருப்பவர் உயிருடன் இருக்கும்போதே பின்னுரித்தாளரைப் பதிவு செய்வது நல்லது. பின்னால் சகோதரங்களுக்குள் பிணக்கு வராது.

கணவன் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத வீட்டுக்குச் சட்டத்தில் நீண்டகாலம் பெயரே இருக்கவில்லை. மரணச் சான்றிதழ் எடுத்தால்தான் அலுவல்கள் நகரும் என்ற நிலை இருந்தது. எடுத்தால், அவர் இறந்துவிட்டார் என்று தாங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும் எனப் பலர் மறுத்தார்கள். 2016இல் செய்யப்பட்ட திருத்தம் காணாமல் போனமைக்கான சான்றிதழை அறிமுகப்படுத்தியது. இறப்பை ஏற்காமலே நலக் கொடுப்பனவுகளுக்கு விண்ணப்பிக்க அது உதவும். உண்மை தெரியாமல் எந்தச் சான்றிதழும் வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். அதுவும் நியாயமே.

படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்ற இடத்துக்கு வரும்போது இன்றும் சில பெண்கள் காணாமல் ஆக்கப்பட்ட கணவனின் பெயரையே எழுதுகிறார்கள். அவர் திரும்பி வருவார் என்ற நம்பிக்கை அது. ஆனால் அடுப்பு எரிவதும், பள்ளிக்கூடக் கட்டணம் கட்டப்படுவதும், வளவுக்கு வேலி போடப்படுவதும் அந்தப் பெண்ணின் உழைப்பில்தான். கணவனைத் தேடும் உரிமையும் காணியில் தன் பெயரைக் கேட்கும் உரிமையும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. இரண்டையும் சேர்த்தே கேட்கலாம்.