தமிழ்நாட்டுப் பழங்குடிகளுக்கு சுயாட்சி உரிமை இருக்கா? எளிய விளக்கம்

நசரத்பேட்டை, பூந்தமல்லி பக்கம் கிராம சபைக் கூட்டம் புதிதல்ல. மனு கொடுப்போம், தீர்மானம் போடுவோம். ஆனால் 10 மாநிலங்களின் பழங்குடிப் பகுதிகளில் கிராம சபையைக் கேட்காமல் நிலம் எடுக்க முடியாது. அந்தப் பட்டியலில் தமிழ்நாடு இல்லை. ஏன்?

5-வது அட்டவணை என்றால் என்ன?

பழங்குடிகள் அதிகம் வாழும் இடங்களை 'பட்டியல் பகுதி' என குடியரசுத் தலைவர் அறிவிக்க வழிசெய்யும் அரசமைப்புப் பிரிவு இது. அங்கேதான் 1996-ல் வந்த 'பெசா' சட்டம் செல்லும்.

தமிழ்நாடு ஏன் இல்லை?

2011 கணக்கெடுப்பில் இங்கு பழங்குடிகள் சுமார் 7.95 லட்சம் பேர், வெறும் 1.1%. நீலகிரி, ஜவ்வாது மலை, கல்வராயன் மலை எனச் சிதறி வாழ்கிறார்கள். ஆனால், மாநிலம் முழுக்கப் பெரும்பான்மை இருக்கணும்னு விதி இல்லை. பழங்குடிகள் நெருக்கமாக வாழும் ஒரு மலைப் பகுதியை மட்டும்கூட அறிவிக்கலாம். பழங்குடி அமைப்புகள் கேட்பதும் அதைத்தான்.

அப்போ இப்போதைக்கு என்ன வழி?

2006 வன உரிமைச் சட்டம். இதில் உரிமைக் கோரிக்கையைப் பெற்று முதலில் முடிவெடுப்பது கிராம சபை. குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை கிடைக்கும். ஆனால் விற்க முடியாது. நீதிமன்றக் கட்டுப்பாட்டால் தமிழ்நாட்டில் 2008 முதல் பட்டா வழங்குவது முடங்கியது. 2016-ல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது.

இன்னொரு சிக்கல்: இது வன நிலத்துக்கு மட்டும்தான். திருவள்ளூர் மாவட்டச் சமவெளியில், ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் வாழும் இருளர்களுக்கு இது உதவாது. அவர்கள் வருவாய்த் துறையின் வீட்டுமனைப் பட்டாவையே நம்ப வேண்டும்.

கிராம சபையால் என்ன முடியும்?

ஒடிசாவின் நியம்கிரி மலையில் 2013-ல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டுமே பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன. திட்டம் நின்றது.

வெளிநாட்டில் எப்படி?

கனடாவின் இனுயிட் மக்கள் 1993-ல் அரசுடன் ஒப்பந்தம் போட்டனர். சுமார் 3.5 லட்சம் சதுர கி.மீ. நிலம் அவர்களுக்கு உரிமையானது. மற்ற நிலத்தின் மீதான பூர்வீக உரிமையை விட்டுக்கொடுத்தனர். 1999-ல் நுனாவுட் தனிப் பிரதேசமானது. ஆனாலும், ஒப்பந்தத்தை அரசு முழுதாக நிறைவேற்றவில்லை என 2006-ல் வழக்குப் போட வேண்டி வந்தது. 2015-ல்தான் சமரசம்.

ஆக, சட்டத்தில் இடம் கிடைப்பது முதல் படி. அதை அமல்படுத்த வைப்பது அடுத்த போராட்டம். தமிழ்நாட்டுப் பழங்குடிகள் இன்னும் முதல் படிக்கே காத்திருக்கிறார்கள்.