நாலு பேட்டரியா, ஆறு பேட்டரியா?

போன வாரம் என் பேரன் ஒரு விண்ணப்பம் வைத்தான். அவனிடம் இருக்கும் நின்டெண்டோ ஸ்விட்ச் பழசாகிவிட்டதாம், புதிதாக வந்திருக்கும் ஸ்விட்ச் 2 வேண்டுமாம். "இதுவே நல்லாத்தானேடா ஓடுது?" என்றேன். "பவர் பத்தல தாத்தா" என்றான்.

அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவனிடம் விண்ணப்பம் வந்தால் உடனே கையெழுத்து விழாது. முதலில் பழைய கோப்பை எடுத்துப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் இந்தப் பொருள் குறித்த கோப்பு 1991-இல் தொடங்குகிறது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். என் சித்தப்பா மகன் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்தான். ஊர் வழக்கில் சொன்னால் 'சொல்தா'. ஓய்வுக்குப் பிறகும் அங்கேயே தங்கிவிட்டான். 1991 கோடை விடுமுறைக்கு அவன் குடும்பத்தோடு வந்தபோது மந்தைவெளியில் எங்கள் வீட்டில் மூன்று வாரம் இருந்தார்கள். பெண் பெரியவள், பையன் சின்னவன். இருவர் கையிலும் ஆளுக்கொரு விளையாட்டுப் பெட்டி. பெண்ணிடம் இருந்தது நின்டெண்டோவின் கேம் பாய். சாம்பல் நிறம், திரையில் பாசி பிடித்த மாதிரி ஒரு பச்சை, அதில் நாலே சாயல். பையனிடம் சேகா கம்பெனியின் கேம் கியர். அது வண்ணத் திரை, உள்ளேயே விளக்கு. அதைப் பார்த்த என் மகன் கேம் பாயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும்தான்.

நாலாவது நாள் பிரச்சினை ஆரம்பமானது. "பெரியப்பா, பீல் முடிஞ்சுபோச்சு!" பிரெஞ்சில் பேட்டரிக்கு 'பீல்' என்று பெயர். கேம் கியருக்கு ஆறு பென்சில் பேட்டரி. பிரான்சிலிருந்து கொண்டுவந்த நல்ல ஆல்கலைன் பேட்டரியே மூன்றிலிருந்து ஐந்து மணி நேரம்தான் தாங்கும். நம் தெருமுனைக் கடையில் அன்று கிடைத்த சாதா பேட்டரி போட்டால் இன்னும் சீக்கிரம் மூச்சு விட்டுவிடும். அந்தக் கால வழக்கப்படி தீர்ந்த பேட்டரிகளை மொட்டை மாடியில் வடகத்துக்குப் பக்கத்தில் வெயிலில் காயவைத்துப் பார்த்தோம். பத்து நிமிஷம் உயிர் வந்தது. பிறகு அடாப்டரைச் சொருகி, சமையலறையில் கிரைண்டர் பிளக் பக்கத்தில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தே பையன் விடுமுறையைக் கழித்தான். கையில் எடுத்துப் போவதற்கென்று செய்த பெட்டி சுவரை விட்டு நகரவில்லை.

பெண்ணோ சாம்பல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பல்லவன் பஸ்ஸில், மெரினாவில், கபாலி கோயில் குளப்படியில் என்று எல்லா இடத்திலும் ஆடினாள். அதற்கு நாலு பேட்டரி போதும், பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாது. அன்றே நான் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். முப்பது மணி நேரம் ஆடக் கேம் பாய்க்கு எட்டு பேட்டரி. கேம் கியருக்கு, ஒரு செட் நாலு மணி நேரம் என்று தாராளமாக வைத்தாலும், நாற்பத்தெட்டு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிற்பாடு படித்தபோதுதான் தெரிந்தது. இரண்டு பெட்டிகளின் திரையிலும் புள்ளிகளின் எண்ணிக்கை ஒன்றே: குறுக்கே 160, நெடுக்கே 144. உள்ளே இருக்கும் சில்லு ஓடும் வேகத்திலும் பெரிய வித்தியாசமில்லை. பேட்டரியைத் தின்றது வண்ணத் திரைக்குப் பின்னால் எரிந்த குட்டி டியூப் லைட்.

கேம் பாயை இப்படி வேண்டுமென்றே எளிமையாகச் செய்தவர் குன்பெய் யோகோய் என்ற ஜப்பானியர். நின்டெண்டோ 1889-இல் கியோட்டோவில் சீட்டுக்கட்டு செய்து விற்கத் தொடங்கிய கம்பெனி. 1965-இல் யோகோய் அங்கே சேர்ந்தது சீட்டு செய்யும் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலைக்கு. ஒருநாள் புல்லட் ரயிலில் போகும்போது, பொழுது போகாத ஓர் அலுவலகக்காரர் கால்குலேட்டர் பொத்தான்களை அமுக்கி விளையாடிக்கொண்டிருந்ததைப் பார்த்தாராம். அந்தச் சமயம் ஷார்ப், கேசியோ கம்பெனிகளுக்குள் நடந்த கால்குலேட்டர் போட்டியில் அதன் திரையும் சில்லும் மலிந்துபோயிருந்தன. அந்த மலிவுச் சரக்கைக் கொண்டு 1980-இல் 'கேம் அண்ட் வாட்ச்' என்ற பாக்கெட் விளையாட்டைச் செய்தார். புதுத் தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடாதே, காய்ந்து பழுத்து விலை இறங்கிய தொழில்நுட்பத்தை எடுத்து வேறொரு பக்கத்திலிருந்து யோசி என்பது அவருடைய கொள்கை. நாங்கள் மாடியில் காயவைத்த பேட்டரியை இதோடு சேர்க்க வேண்டாம்.

கேம் பாய் 1989-இல் வந்தபோது அமெரிக்காவில் விலை 89.99 டாலர். அதே வருஷம் வந்த அட்டாரியின் லிங்க்ஸ் வண்ணப் பெட்டி 179.99 டாலர். பின்னால் வந்த கேம் கியர் 149.99. கேம் பாயும் அதன் தம்பியான கேம் பாய் கலரும் சேர்ந்து கிட்டத்தட்ட 11.9 கோடி விற்றன. கேம் கியர் ஒரு கோடியைச் சற்றே தாண்டியது. இன்னொன்றும் உண்டு. போக்கிமான் ஆட்டம் முதலில் வந்தது 1996-இல், ஏழு வருஷப் பழைய இந்தக் கறுப்பு வெள்ளைப் பெட்டிக்குத்தான். சோனியின் பிளேஸ்டேஷன் அப்போது கடைக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

நம் ஊரில் இந்தப் பெட்டிகளை நேர்வழியில் வாங்கியவர்கள் குறைவு. வெளிநாட்டு உறவு இருக்க வேண்டும், இல்லையென்றால் பர்மா பஜார். தொண்ணூறுகளில் பெரும்பாலான வீடுகளுக்கு வந்து சேர்ந்தது 'பிரிக் கேம்'. அகலத்தில் பத்து, உயரத்தில் இருபது கட்டம், இரண்டு பென்சில் பேட்டரி. அட்டைப் பெட்டியின் மேல் 9999 ஆட்டம் என்று போட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் பத்து தேறாது. பாண்டி பஜார் பிளாட்பாரத்தில் பிளாஸ்டிக் பொம்மை, கர்ச்சீப்புக்கு நடுவே தொங்கும். (அது எங்கள் ஊர்ப் பாண்டி இல்லை. சௌந்தரபாண்டியனார் பெயர் சுருங்கி அப்படி ஆனது. இதை விளக்கி விளக்கியே எனக்கு வயதாகிவிட்டது.)

அதற்குப் பிறகு வந்தது நோக்கியா. என்னைக் கேட்டால் இந்த விவகாரத்தில் தீர்ப்பு எழுத வேண்டிய வருஷம் 2003. ஒரே கம்பெனி, ஒரே வருஷத்தில் இரண்டு பொருள் விட்டது. ஒன்று என்-கேஜ். போனும் விளையாட்டுப் பெட்டியும் சேர்ந்தது, வண்ணத் திரை, பலம் அதிகம், விலையும் அதிகம். ஆனால் ஆட்டத்தை மாற்ற வேண்டுமென்றால் முதுகைத் திறந்து பேட்டரியைக் கழற்ற வேண்டும். பேச வேண்டுமென்றால் போனின் விளிம்பைக் காதில் வைக்க வேண்டும். இன்னொன்று 1100. கறுப்பு வெள்ளை, தூசி போகாத ரப்பர் பொத்தான், தலையில் டார்ச், உள்ளே பாம்பு ஆட்டம். என்-கேஜ் மூன்றே வருஷத்தில் மறைந்தது. 1100 உலகம் முழுக்க 25 கோடிக்குமேல் விற்றது. நம் ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் நோக்கியா தொழிற்சாலை ஓட ஆரம்பித்ததற்குப் பின்னால் இப்படி எளிய போன் கேட்ட கோடிக்கணக்கான ஜனங்கள் இருந்தார்கள். கைக்கு அடக்கமான போனே போதும் என்றிருந்தவர்கள் பிறகு பெரிய தொடுதிரை கேட்டார்கள். நோக்கியா பின்தங்கியது, 2014 நவம்பரில் அந்தத் தொழிற்சாலை மூடியது. இன்று அதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில்தான் ஐபோன் செய்கிறார்கள்.

ஆக, பலமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. என் பேரன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. 2017-இல் வந்த ஸ்விட்சில் இருப்பது 2015-இல் வெளியான சில்லு. 2022-இல் வந்த புதுப் போக்கிமான் ஆட்டம் அதில் தட்டித் தடுமாறி ஓடியது என்று உலகம் முழுக்கப் புகார். ஸ்விட்ச் 2 வந்த நாலே நாளில் 35 லட்சம் பெட்டி விற்றது என்றால், அத்தனை பேரும் விவரம் தெரியாதவர்கள் என்று சொல்ல முடியுமா? இதற்கு முன்னால் 2004-இல் சோனியின் பி.எஸ்.பி. பலசாலியாக வந்தது. பலம் குறைந்த நின்டெண்டோ டி.எஸ். 15.4 கோடி விற்று அதை முந்தியது. ஆனால் தி.நகரிலும் அடையாறிலும் நான் பார்த்த பிள்ளைகள் கையில் இருந்ததெல்லாம் பி.எஸ்.பி.தான். உலகக் கணக்கு ஒன்று, தெருக் கணக்கு ஒன்று.

கேம் பாய்க்கும் குறை உண்டு. அதற்கு விளக்கு இல்லை. கரண்ட் போனால் திரை தெரியாது. அந்தப் பக்கம் பேட்டரி தீர்ந்த கேம் கியர், இந்தப் பக்கம் வெளிச்சமில்லாத கேம் பாய், நடுவில் மெழுகுவத்தி. கையில் வைத்து ஆடும் பெட்டிக்கு முதலில் வேண்டியது வெளிச்சம், பேட்டரி, கைக்கும் பைக்கும் ஏற்ற விலை. வேகம் அதற்குப் பிறகு. என் கோப்பில் நான் எழுதிய குறிப்பு இதுதான்.

அந்தக் கேம் பாய் இன்னும் வீட்டில் இருக்கிறது. மூன்று வருஷம் கழித்து மறுபடி வந்தபோது அந்தப் பெண் அதை என் மனைவிக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். "பெரியம்மாதான் என்னைவிட நல்லா ஆடுறாங்க" என்றாள். மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்த பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து டெட்ரிஸ் மட்டும் ஆடுவாள், வேறு எதையும் தொடமாட்டாள். அந்த ஆட்டத்தில் எடுத்த எண்ணை அது நினைவில் வைத்துக்கொள்ளாது. அணைத்தால் எல்லாம் போய்விடும். அதனால் எத்தனை வரி அழித்தாள் என்பதைப் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு எழுதி வைப்பாள். அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது. நோட்டு என்னிடம் இருக்கிறது.

விண்ணப்பத்துக்கு வருவோம். "புதுசு எத்தனை மணி நேரம் தாங்கும்?" என்று பேரனைக் கேட்டேன். செல்போனில் தேடி, "ரெண்டுலேருந்து ஆறரை மணி நேரம்னு போட்டிருக்கு" என்றான். இப்போது அவன் வைத்திருப்பது 2019-இல் மாற்றி வந்த ஸ்விட்ச். அதற்கு நாலரையிலிருந்து ஒன்பது. பேசாமல் இருந்தான். நானும் பேசவில்லை. தீபாவளி போனஸ் வரட்டும், உன் அப்பாவிடம் கேள் என்று கோப்பை மேலிடத்துக்கு அனுப்பிவிட்டேன்.

அதற்குள் அவன் சாம்பல் பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டான். புதிதாக நாலு பேட்டரி போட்டோம். திரையில் இரண்டு நெடுக்குக் கோடு செத்துப்போயிருக்கிறது, மற்றபடி ஓடுகிறது. பாட்டியின் நோட்டில் அதிகபட்சம் 143 வரி. அவன் நேற்று ராத்திரி வரைக்கும் 61.