வண்ணாரப்பேட்டை: ஒரு பெயரின் வரலாறு

வடசென்னையின் வண்ணாரப்பேட்டை என்னும் பெயரைக் கேட்போர், ஊரார் அழுக்குத் துணி வெளுத்தோர் வாழ்ந்த இடம் என்று பொருள் கொண்டு அமைவர். சாதிப் பெயரென்று கூசுவோரும் உளர். இரண்டும் முழு உண்மையல்ல.

1639இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் காலூன்றியதற்குத் தலையாய காரணம் பருத்தித் துணி வாணிகமே. தறியிலிருந்து இறங்கும் கோடித் துணி பழுப்பு நிறமும் கஞ்சிப் பசையும் கொண்டது. அதனை அலசி, வெள்ளாவி வைத்து, வெயிலில் விரித்து வெளுத்தால்தான் சாயமும் அச்சும் செவ்வனே பற்றும். அதற்கு நல்ல நீரும் பரந்த வெளியும் வேண்டும். நகரின் வடபுறத்தே அத்தொழிலோர் குடியேறிய இடமே வண்ணாரப்பேட்டை. பேட்டை என்பது தொழிலும் வாணிகமும் நிகழும் புறநகர்க் குடியிருப்பு.

1734இல் நெசவாளருக்கென அமைந்த சின்னத்தறிப்பேட்டை, சிந்தாதிரிப்பேட்டை எனத் திரிந்து தன் பொருளை மறைத்துக்கொண்டது. வண்ணாரப்பேட்டையோ பொருள் மாறாது நின்றது. நின்றதனாலேயே இகழ்ச்சிக்கும் ஆளாயிற்று.

கப்பலேற்றிய வணிகர் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. வெளுத்த கைகளுக்கு இவ்வூர்ப் பெயரன்றி வேறு கல்வெட்டில்லை. எம்.சி. சாலையின் துணிக்கடைகளில் கூட்டம் இன்றும் குறையவில்லை. 2019இல் திறந்த மெட்ரோ நிலையமும் அப்பெயரையே தாங்கி நிற்கிறது. அதனைக் கூசாது உச்சரிப்போம். அது உழைப்பின் பெயர்.